மறைபொருட் பங்கீடு: குவாண்டம் பிணைவின்வழிப் பலரிடையே இரகசியம் பகிர்தல்

ஆய்வுச்சுருக்கம்

ஓர் இரகசியத்தைப் பலரிடம் பங்கிட்டு வைத்து, குறித்த எண்ணிக்கையினர் கூடினாலன்றி அது வெளிப்படாதவாறு செய்யும் முறை 1979 முதல் அறியப்பட்டதாகும். 1999இல் அது குவாண்டம் இயற்பியலுக்குள் வந்தது. அம்முறை இயங்கும் வகையையும், அதில் சென்னை ஆய்வாளர் ஆற்றிய பணியையும், அதனைத் தமிழில் எடுத்துரைக்கும்போது ‘பகிர்தல்’ என்னும் சொல் விளைக்கும் மயக்கத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மறைபொருட் பங்கீடு, குவாண்டம் பிணைவு, படியெடுக்கவியலாமை, பங்காளர், அறிவியல் தமிழ்

படியும் பூட்டும்

ஒரு நூலை அழியாமற் காப்பது எவ்வாறு எனத் தமிழாய்வாளரைக் கேட்டால், படியெடுத்து வைத்தல் என்னும் விடை உடனே வரும். ஏடு பெயர்த்தெழுதும் வழக்கம் இல்லாதிருந்தால் பழந்தமிழ் நூல்களுள் பெரும்பாலானவை நம் கைக்கு வந்திரா. அடையாற்றுப் பிரம்மஞான சபை நூலகத்திலும், பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சாமிநாதையர் நூல்நிலையத்திலும் இன்று காணப்பெறும் சுவடிகள் அவ்வழக்கத்தின் சான்றுகள். ஓர் ஏடு செல்லரித்தாலும் பிறிதோர் ஏடு நிற்கும். இரண்டிலும் பாடம் வேறுபட்டால் ஒப்புநோக்கித் தெளியலாம். படிகள் பெருகப் பெருக நூலின் பாதுகாப்பும் பெருகும்.

இரகசியத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அதற்கு எத்தனை படிகள் உண்டோ அத்தனை வாயில்கள் திருடனுக்குத் திறக்கின்றன. படியே எடுக்காது ஒருவரிடம் மட்டும் ஒப்படைத்தால், அவர் மறைந்தாலோ மனம் மாறினாலோ இரகசியமும் உடன் போய்விடும். இழப்பிலிருந்து காத்தல், களவிலிருந்து காத்தல் ஆகிய இரண்டும் ஒன்றையொன்று எதிர்க்கும் தேவைகள். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற வழியுண்டா என்பதே மறைபொருட் பங்கீட்டின் மூலவினா.

தியாகராய நகர் வங்கிகளில் நகைப் பெட்டகம் வைத்திருப்போர் இதற்குரிய அரைகுறைத் தீர்வு ஒன்றை அறிவர். பெட்டகத்தைத் திறக்க வாடிக்கையாளரின் சாவியும் வேண்டும், வங்கியின் சாவியும் வேண்டும். ஒருவர் மற்றவரை அறியாமல் திறத்தல் இயலாது. ஆயினும் நகை முழுதாக ஓரிடத்திலேயே இருக்கிறது. கதவை அறுப்பவனுக்கு எச்சாவியும் தேவையில்லை. இரகசியம் எவ்விடத்திலும் முழுதாக இல்லாமல், பங்குகளாக மட்டுமே இருத்தல் கூடுமாயின் அறுப்பதற்குக் கதவே இராது.

அது கூடும் என 1979ஆம் ஆண்டில் அடி ஷமீர், ஜார்ஜ் பிளேக்லி ஆகிய இருவரும் தனித்தனியே காட்டினர். ஷமீர் முறையை ஓர் எளிய எண்ணைக் கொண்டு காணலாம். இரகசிய எண் 7 என்க. வழங்குநர் எவர்க்கும் சொல்லாமல் 3 என்னும் எண்ணைத் தற்செயலாகத் தேர்கிறார். முதலாமவர்க்கு 7உடன் ஒரு மூன்றைக் கூட்டி 10 எனவும், இரண்டாமவர்க்கு இரு மூன்றைக் கூட்டி 13 எனவும், மூன்றாமவர்க்கு மும்மூன்றைக் கூட்டி 16 எனவும் பங்கு தருகிறார். முதல் இருவர் கூடினால், 13இலிருந்து 10ஐக் கழித்து இடைவெளி 3 என அறிவர். 10இலிருந்து அதனைக் கழித்தால் 7 வெளிப்படும். முதலாமவரும் மூன்றாமவரும் கூடினும் அவ்வாறே. தனியொருவர் கையில் உள்ள 10 எதனையும் காட்டாது. வழங்குநர் தேர்ந்த எண் யாதென அறியாதவரை அந்தப் பத்து எந்த இரகசியத்தோடும் பொருந்தும். (கணக்கு முழுவதும் 17ஆல் வகுத்த மீதியில் நடைபெறுவது. இங்குள்ள எண்கள் 17ஐ எட்டாமையால் அது புலப்படவில்லை. அவ்வாறு மீதியில் நடப்பதனாலேதான் 0 முதல் 16 வரை எல்லா எண்களும் ஒரே அளவு இயலுமானவை ஆகின்றன.) மூவருள் ஒருவர் பங்கு தொலைந்தாலும் இரகசியம் தொலையாது, ஒருவர் பங்கு களவுபோனாலும் இரகசியம் வெளிப்படாது.

இம்முறையின் கணிதத்தில் குறையில்லை. குறை, பங்குகள் பயணப்படும் வழியில் இருக்கிறது. மயிலாப்பூரிலிருந்து ஒரு பங்கு அடையாற்றுக்குச் செல்லும்போது இடையில் ஒருவன் அதனைப் படியெடுத்துக்கொண்டு மூலத்தை அப்படியே அனுப்பிவிட்டால், பெற்றவர்க்கு ஐயமே தோன்றாது. வழியைப் பூட்ட இன்று பரவலாகப் பயன்படும் பொதுத்திறவு முறைகள் பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது போன்ற கடினமான கணக்குகளை நம்பியிருப்பவை. அக்கணக்குகள் குவாண்டம் கணினிக்குக் கடினமல்ல என்பதை 1994இல் பீட்டர் ஷோர் நிறுவினார். ஆகவே, படியெடுத்தலையே இயற்கை தடுக்கும் ஊடகம் ஒன்று தேவைப்பட்டது.

மூவர் பிணைநிலை

குவாண்டம் துகள் ஒன்றை அளக்கப் புகுவோர், எத்திசையில் அளப்பது என முதலில் தெரிவுசெய்தல் வேண்டும். ஈண்டு இரு திசைகள் போதும். அவற்றை அ, ஆ எனக் குறிப்போம். எத்திசையில் அளப்பினும் விடை +1 அல்லது −1 என இரண்டனுள் ஒன்றே. ஒரு திசையில் அளந்துவிட்டால் மறு திசைக்குரிய செய்தி அழிந்துபோகும். இரண்டையும் ஒருங்கே அறிதல் இயலாது.

பிணைவு என்பது, துகள்கள் தனித்தனியே எந்நிலையும் உடையன அல்லவாகவும், கூட்டாக மட்டும் ஒரு திட்டவட்டமான நிலையை உடையனவாகவும் இருத்தல். இரு துகள்களின் பிணைவு 1930களிலிருந்தே பேசப்பட்டது. மூன்று துகள்களைப் பிணைத்தால் இன்னும் கூர்மையான விளைவுகள் தோன்றும் என்பதை 1989இல் டேனியல் கிரீன்பெர்கர், மைக்கேல் ஹார்ன், ஆன்டன் சைலிங்கர் ஆகியோர் காட்டினர். அவர்கள் பெயரால் வழங்கும் அந்நிலையை இக்கட்டுரையில் மூவர் பிணைநிலை என்போம். பத்தாண்டுகள் கழித்து, 1999இல், மார்க் ஹில்லரி, விளாதிமீர் புஷெக், ஆந்த்ரே பெர்தியோம் ஆகிய மூவரும் அந்நிலையைக் கொண்டு மறைபொருளைப் பங்கிடும் நெறியை வகுத்தனர். இரு துகள் பிணைவைக் கொண்டு அதே பணியைச் செய்யும் நெறியொன்றை ஆண்டர்ஸ் கார்ல்சனும் அவருடன் இருந்த ஜப்பானிய ஆய்வாளர் இருவரும் அதே ஆண்டில் வெளியிட்டனர்.

பிணைந்த மூன்று ஒளித்துகள்களுள் ஒன்றை மயிலாப்பூரில் இருக்கும் வழங்குநர் தம்மிடம் வைத்துக்கொண்டு, ஏனைய இரண்டையும் தியாகராய நகருக்கும் அடையாற்றுக்கும் அனுப்புகிறார் எனக் கொள்வோம். மூவரையும் மயிலையார், நகரார், அடையாற்றார் எனச் சுட்டலாம். ஒவ்வொருவரும் அ, ஆ இரண்டனுள் ஒன்றைத் தம் விருப்பப்படி தேர்ந்து அளக்கின்றனர். தனித்தனியே நோக்கின் மூவர் விடையும் நாணயம் சுண்டியதுபோல் இருக்கும். கூட்டி நோக்கினாலோ இரு விதிகள் புலப்படும். மூவரும் அ திசையில் அளந்திருந்தால் அவர்தம் விடைகளின் பெருக்கற்பலன் எப்போதும் +1. ஒருவர் அ திசையிலும் இருவர் ஆ திசையிலும் அளந்திருந்தால் பெருக்கற்பலன் எப்போதும் −1. ஆ திசையில் அளந்தவர் ஒருவரே ஆயினும், மூவரும் ஆயினும் விதி எதுவும் இல்லை. அச்சுற்றைக் கைவிட வேண்டியதுதான். மூவர் தெரிவில் கூடும் எட்டு வகைகளுள் நான்கு பயன்படும், நான்கு வீணாகும்.

அளந்தபின் திசைகளை மட்டும் வெளிப்படையாக அறிவிக்கின்றனர், விடைகளை அறிவிப்பதில்லை. ஒரு சுற்றில் மூவரும் அ திசையில் அளந்ததாகத் தெரிகிறது. நகரார் விடை −1. அடையாற்றார் விடை +1. இருவரும் கூடின் மயிலையார் விடை −1 என்றே இருத்தல் வேண்டும் என உறுதியாகக் கூறுவர். நகரார் தனித்து நின்றால், அடையாற்றார் விடை +1 ஆகவும் −1 ஆகவும் சம வாய்ப்புடன் இருக்கலாமாதலின், மயிலையாரைப் பற்றி அவர் அறிவது ஒன்றுமில்லை. பாதிச் செய்திகூட இல்லை என்பதை வற்புறுத்த வேண்டும். பல சுற்றுகளில் திரளும் மயிலையாரின் விடைத்தொடரே திறவுகோல். அதனைத் தம் செய்தியோடு கூட்டி மறைத்து, மயிலையார் சாதாரணத் தொலைபேசியிலேயே அனுப்பலாம். இருவரும் கூடினாலன்றி அது திறவாது.

இங்கே ஒரு தவறான கருத்தைக் களைதல் வேண்டும். பிணைவின்வழிச் செய்தி ஒளியினும் விரைவாகப் பாய்கிறது எனத் தமிழ் நாளேடுகளிலும் அறிவியல் துணுக்குகளிலும் அடிக்கடி எழுதப்படுகிறது. மேற்கண்ட நெறியில் அவ்வாறு பாய்வது எதுவும் இல்லை. திசை அறிவிப்பு வந்து சேரும்வரை அடையாற்றார் கையில் இருப்பது பொருளற்ற குறிவரிசையே. அவ்வறிவிப்போ ஒளியின் வேகத்துக்கு உட்பட்டது. பிணைவு தருவது செய்தியன்று, பிறர் அறியவியலாத ஒத்திசைவு.

எழுதப்படாத விடை

ஐயுறுவோர் கேட்கலாம்: இம்மூவர் கையிலும் விடைகளை முன்பே எழுதிய ஓலைகளைக் கொடுத்தனுப்பினாலும் இதே ஒத்திசைவு கிடைக்காதா? கிடைக்காது. 1990இல் டேவிட் மெர்மின் செம்மைப்படுத்திய சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும்.

ஒவ்வொருவர் ஓலையிலும் ‘அ திசைக்கு இன்ன விடை, ஆ திசைக்கு இன்ன விடை’ என இரு எண்கள் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். மயிலையார் மட்டும் அ திசையில் அளக்கும்போது பெருக்கற்பலன் −1 ஆக வேண்டும். நகரார் மட்டும் அ திசையில் அளப்பினும் −1. அடையாற்றார் மட்டும் அ திசையில் அளப்பினும் −1. இம்மூன்று சமன்பாடுகளையும் ஒன்றோடொன்று பெருக்குக. வலப்புறம் மூன்று −1கள் சேர்ந்து −1 ஆகும். இடப்புறம் ஒவ்வொருவர் ஓலையின் ஆ எண்ணும் இருமுறை வருகிறது. +1 ஆயினும் −1 ஆயினும் தன்னோடு தான் பெருகினால் +1 ஆதலின் அவையெல்லாம் நீங்கிவிடும். எஞ்சுவன மூவரின் அ எண்கள். அவற்றின் பெருக்கற்பலன் −1 என வருகிறது. இயற்கை தருவதோ +1. ஆகவே நான்கு விதிகளுக்கும் ஒருங்கே பொருந்துமாறு எவரும் ஓலை எழுத இயலாது. எட்டாம் வகுப்பு மாணவர் செய்யக்கூடிய இப்பெருக்கல், குவாண்டம் இயற்பியல் பற்றிய நெடிய மெய்யியல் விவாதங்கள் பலவற்றினும் ஆழமாகச் செல்கிறது என்பது என் கருத்து.

பாதுகாப்பின் அடிப்படை இதுவே. அளக்கும்வரை விடை எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்படாததைத் திருடுவது எங்ஙனம்? இடையில் ஒருவன் அடையாற்றுக்குச் செல்லும் துகளைப் பிடித்து அளந்துவிட்டு மாற்றுத் துகளை அனுப்புவானாயின், அவன் திசையைத் தவறாகத் தேர்ந்த சுற்றுகளிலெல்லாம் பிணைவு அறுந்து, பெருக்கற்பலன் விதி பாதி நேரம் பொய்க்கும். மூவரும் சில சுற்றுகளின் விடைகளை வெளிப்படுத்தி ஒத்துப்பார்த்தால் பிழைகள் காட்டிக்கொடுக்கும். ஏட்டைப் படியெடுத்தவன் மூலத்தில் தடயம் வைப்பதில்லை. இங்கே படிக்க முயல்வதே மூலத்தை மாற்றிவிடுகிறது.

பங்காளி என்னும் சொல்

இருவர் மட்டும் திறவுகோல் பரிமாறிக்கொள்ளும் குவாண்டம் நெறிகள் 1984 முதல் உள்ளன. அவற்றில் பகைவன் வெளியாள். பலர் பங்குபெறும் நெறியில் பகைவன் உள்ளேயே இருக்கலாம்; இத்துறையின் கடினமான வினாக்கள் பெரும்பாலும் இதனைச் சுற்றியே எழுகின்றன. பங்கு பெறுபவரைப் பங்காளர் எனக் குறிப்பது கலைச்சொல்லாக்க நெறிக்கு ஒத்தது. ஆயினும் பங்காளி என்னும் வழக்குச் சொல்லே இங்கு மிகப் பொருந்தும் எனத் தோன்றுகிறது. ஒரே சொத்தில் உரிமையுடையவன் என்பதோடு, அவ்வுரிமை காரணமாகவே வழக்குக்கு நிற்பவன் என்னும் பொருளையும் நம் ஊர்கள் அச்சொல்லில் ஏற்றிவைத்துள்ளன.

நகரார் நேர்மையற்றவர் எனக் கொள்வோம். அவர் தமக்குரிய துகளோடு அடையாற்றுக்குச் செல்லும் துகளையும் வழியில் கைப்பற்றி, தாமே பிணைத்து உருவாக்கிய போலித் துகளொன்றை அடையாற்றாருக்கு அனுப்புகிறார். சரிபார்க்கும் கட்டத்தில் அடையாற்றார் தம் திசையையும் விடையையும் முதலில் அறிவித்துவிட்டால், நகரார் அதற்கேற்பத் தம் அறிவிப்பை அமைத்துக்கொள்வார். பிழை எதுவும் தோன்றாது. இரகசியம் முழுவதும் அவர் ஒருவர் கையில் சேரும். வெளியாளுக்கு இல்லாத வசதி இது. சரிபார்ப்பில் பேச அவனுக்கு இடமில்லை, பங்காளிக்கு இடமுண்டு. 1999ஆம் ஆண்டு நெறியில் இத்தகைய இடைவெளி இருப்பதைக் கார்ல்சன் குழுவினர் அவ்வாண்டிலேயே சுட்டினர். பிழையே தோன்றாமல் ஏமாற்றுவதற்குரிய நிபந்தனைகளை 2007இல் சீன ஆய்வாளர் நால்வர் முழுமையாக வரையறுத்தனர். ஆகவே யார் எதனை எந்த வரிசையில் அறிவிப்பது என்பது ஒழுங்குமுறைக்குரிய சிறு செய்தியாக இராமல், பாதுகாப்பின் நடுப்பகுதிக்கே வந்துவிட்டது. இயற்பியல் விதி எவ்வளவு உறுதியாயினும், அதனைச் சூழ்ந்த மனித நடைமுறையில் ஓட்டை இருப்பின் இரகசியம் ஒழுகிப்போகும்.

படியில்லாப் பொருள்

இதுவரை கூறியது, எண்ணாக எழுதத்தக்க இரகசியத்தைக் குவாண்டம் துகள்களின் துணையால் பங்கிடும் வகை. இரகசியமே குவாண்டம் நிலையாக இருப்பின் என் செய்வது? குவாண்டம் கணினி ஒன்றின் உள்நிலையைப் பலரிடம் ஒப்படைக்க வேண்டும் எனின் இவ்வினா எழும். ரிச்சர்ட் கிளீவ், டேனியல் காட்டஸ்மன், ஹோய்-குவோங் லோ ஆகியோர் 1999இல் இதற்கு விடை கண்டனர். அவ்விடை, சுவடியியல் அறிந்தோர்க்கு வியப்பளிக்கும் தன்மையது.

அறியப்படாத குவாண்டம் நிலையொன்றைப் படியெடுத்தல் இயலாது என 1982இல் வில்லியம் வூட்டர்ஸும் வோய்சியெக் ஜூரெக்கும் ஒருபுறமும், டென்னிஸ் டீக்ஸ் மறுபுறமும் நிறுவினர். இப்படியெடுக்கவியலாமைத் தேற்றம் பங்கீட்டுக்கு ஓர் எல்லையை வகுக்கிறது. நால்வரிடம் பங்கிட்டு, அவருள் எவ்விருவர் கூடினும் இரகசியம் மீளும் எனச் செய்ததாகக் கொள்க. முதலிருவர் ஓரறையில் கூடி அதனை மீட்பர். மற்றிருவர் வேறோர் அறையில் கூடி அதனையே மீட்பர். ஒன்று இரண்டாகிவிட்டது. அது தேற்றத்துக்கு முரண். ஆகவே மீட்கத் தேவையானவர் எண்ணிக்கை, மொத்தப் பங்காளரில் பாதிக்கு மேற்பட்டதாகவே இருத்தல் வேண்டும். ஷமீர் முறையில் இக்கட்டுப்பாடு இல்லை. அங்கே நூற்றுவருள் இருவர் என்றும் வைக்கலாம். குவாண்டத்தில் பெரும்பான்மையின்றி மீட்பில்லை. சட்டமன்ற நடைமுறை போலத் தோன்றும் இவ்விதி எவரும் இயற்றியதன்று.

மூவருள் இருவர் என்பது இவ்வெல்லைக்குள் அடங்கும். அதற்கு அவர்கள் தந்த அமைப்பு எளிமையானது. 0, 1, 2 என மூன்று மதிப்புகள் கொள்ளும் துகள்கள் மூன்றை எடுத்துக்கொள்ளலாம். இரகசியம் 0 எனின், மூன்று துகள்களும் 000, 111, 222 என்னும் மூன்று அமைப்புகளின் மேற்பொருந்துநிலையில் வைக்கப்படும். 1 எனின் 012, 120, 201. 2 எனின் 021, 102, 210. எவ்வரிசையை நோக்கினும் ஓரிடத்தில் 0, 1, 2 மூன்றும் ஒருமுறை வருகின்றன. எனவே தனியொருவர் துகள் எதனையும் கூறாது. முதலிருவர் எண்களின் வேறுபாட்டைப் பார்த்தால் (3ஆல் வகுத்த மீதியில்) அதுவே இரகசியம் என்பது புலப்படும். ஆனால் எண்களைப் படித்தால் மேற்பொருந்துநிலை குலையும். படிக்காமலே மீட்க வேண்டும். அதற்குரிய வழி: முதலாமவர் எண்ணை இரண்டாமவர் எண்ணோடு கூட்டுக, வந்த தொகையை முதலாமவர் எண்ணோடு கூட்டுக. 012 என்பதில் முதலிருவர் 0, 1. முதற் கூட்டலுக்குப்பின் 0, 1. அடுத்ததற்குப்பின் 1, 1. 120 என்பதில் 1, 2 முதலில் 1, 0 ஆகிப் பின்னும் 1, 0. 201 என்பதில் 2, 0 முதலில் 2, 2 ஆகிப் பின் 1, 2. மூன்றிலும் முதலிடத்தில் 1 வந்து நின்றது. இரண்டாம், மூன்றாம் இடங்களில் எஞ்சுவன இரகசியம் எதுவாயினும் ஒரே மூன்று இணைகள்தாம். வாசகர் ஏனைய இரு வரிசைகளையும் போட்டுப் பார்க்கலாம். மூன்றாமவர் கையில் இரகசியத்தின் நிழல்கூடத் தங்கவில்லை என்பது இதனால் உறுதியாகிறது.

இவ்விடத்தில் ‘பகிர்தல்’ என்னும் சொல்லை நோக்கவேண்டியுள்ளது. பகு, பகுதி, பகுப்பு, பகிர்வு என்பன ஒரு குடும்பத்துச் சொற்கள். பகிர்ந்தவனிடம் குறையும், பெற்றவனிடம் கூடும், சோற்றையும் நிலத்தையும் பகிர்வது அவ்வாறே. அண்மைக் காலத்தில் இச்சொல் வேறு பொருள் பூண்டுள்ளது. கைப்பேசியில் ஒரு படத்தைப் ‘பகிர்ந்தேன்’ என்பவரிடம் படம் குறைவதில்லை; அவர் செய்தது படியெடுத்து அனுப்புதல். இப்புதுப்பொருள் பழகிய மாணவரிடம் ‘இரகசியப் பகிர்வு’ என்றால், பலரிடம் இரகசியத்தைச் சொல்லிவிடுதல் எனவே கொள்கின்றனர், கருத்து தலைகீழாகிறது. குவாண்டம் இரகசியத்திலோ பழம்பொருளே மெய்ப்பொருள். பங்கிட்ட வழங்குநரிடம் அது எஞ்சுவதில்லை. ஒரு கூட்டம் மீட்டால் பிறரிடம் எஞ்சுவதில்லை. மயக்கம் நீங்க ‘மறைபொருட் பங்கீடு’ என்னும் தொடரைப் பாடநூல்கள் ஏற்பது நன்று. பங்கீட்டுக் கடையில் அரிசி வாங்கிய எவர்க்கும் பங்கீடு என்பது படியெடுத்தல் அன்று என்பதை விளக்க வேண்டியதில்லை.

சென்னையில் இவ்வாய்வு

குவாண்டம் கோட்பாட்டுக்கும் மயிலாப்பூருக்கும் உள்ள உறவு பழையது. அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இடம்பெற்ற அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மகனும் இயற்பியலாளருமான அல்லாடி இராமகிருஷ்ணன், லஸ் பகுதியில் இருந்த தம் ஏகாம்ர நிவாஸ் இல்லத்தில் மாணவர்க்குக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்குகளை நடத்தினார். 1960இல் நீல்ஸ் போர் அவ்வில்லத்துக்கு வந்தார். இம்முயற்சியின் பயனாக 1962 சனவரியில் தோன்றியதே இன்று தரமணியில் இயங்கும் கணித அறிவியல் நிறுவனம். அந்நிறுவனத்தின் ஆர். சைமன் 2000ஆம் ஆண்டில், ஒளியலைகளின் தொடர்மாறு அளவுகளில் பிணைவு உள்ளதா இல்லையா எனக் கண்டறியும் அளவுகோலை வெளியிட்டார். ஒளிக்கற்றைகளைக் கொண்டு பங்கீடு செய்யும் கிளைக்குப் பிணைவைச் சோதித்தறியும் இத்தகைய கருவி இன்றியமையாதது.

பங்கீட்டை நேரடியாகக் கையாண்ட ஆய்வு நுங்கம்பாக்கத்திலிருந்து வந்தது. லயோலா கல்லூரி முகவரியிலிருந்து ஸ்ரீராமன் முரளிதரனும், கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த பிரசாந்த பாணிகிராஹியும் 2008இல் வெளியிட்ட கட்டுரை, ஐந்து குயூபிட்டுகள் பிணைந்த நிலையொன்றை ஆராய்ந்தது. பிரவுன் முதலியோர் 2005இல் கண்டறிந்த அந்நிலையைக் கொண்டு ஒரு குயூபிட் நிலையையும் இரு குயூபிட் நிலையையும் பங்கிடலாம் என அவர்கள் காட்டினர். வழங்குநர் அளந்து விடையை அறிவிப்பார். இடைநிற்கும் பங்காளரும் அளந்து அறிவிப்பார். இரண்டையும் பெற்றவரே கடைசியில் தம் துகளைத் திருத்தி இரகசியத்தை மீட்பார். இடைநிற்பவர் இசையாவிடின் மீட்பு நடவாது.

சர்தார் பட்டேல் சாலையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கௌசிக் செந்தூர், பிரதீப் கிரண் சர்வேபள்ளி ஆகியோர் 2019இல் எழுப்பிய வினா வேறு வகையானது. இரகசியத்தை மீட்கும்போது பங்காளர் தத்தம் துகள்களை ஓரிடத்துக்கு அனுப்ப வேண்டும். அப்போக்குவரத்தைக் குறைக்க இயலுமா? ஐவருள் மூவர் என்னும் பங்கீட்டை எடுத்துக்கொள்வோம். இரகசியம் மூன்று அலகுகள் உடையது. ஒவ்வொருவரிடமும் மூன்று அலகுகள் உள்ளன. மூவர் கூடினால் ஒன்பது அலகுகளையும் அனுப்பியாக வேண்டும். ஐவரும் கூடினாலோ ஆளுக்கு ஓர் அலகு போதும். ஐந்தே அலகுகளில் மீட்பு நிறைவுறுகிறது. கூடுபவர் மிகுந்தால் சுமை குறைகிறது. பலர் சேர்ந்தால் வேலை இழுபடும் என்னும் அன்றாடப் பட்டறிவுக்கு மாறான இம்முடிவு, அனுப்பும் ஒவ்வொரு துகளும் அரிதாகிய துறையில் பயன்மிக்கது.

அவ்வரிதின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தொலைத்தொடர்புக்குரிய நல்ல கண்ணாடி இழை, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் ஒளியை இழக்கும். 50 கிலோமீட்டர் சென்றால் பத்தில் ஒரு துகளே சென்று சேரும். மூவர் பிணைநிலையில் இரு துகள்கள் பயணப்படுவதால், இரண்டும் பிழைத்துச் சேரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. பதின்மர் பிணைநிலை எனின் ஒன்பது துகள்கள் பயணப்பட வேண்டும். வாய்ப்பு நூறு கோடியில் ஒன்றாகச் சுருங்கும். படியெடுக்கவியலாமைத் தேற்றமே இங்கு இடையூறாகிறது. வழியில் ஒளியைப் படியெடுத்துப் பெருக்கி அனுப்ப இயலாது. இக்காரணத்தாற்போலும், பிணைவை விடுத்து, ஒரே துகளைக் கைமாற்றிக் கைமாற்றிப் பங்கிடும் நெறியொன்று 2005இல் சோதித்துக் காட்டப்பட்டது. பிணைவு இன்றியமையாததா என்னும் வாதம் அதன்பின் எழுந்தது, எதிர்வாதங்களும் உள.

ஒரு நகரத்துக்குள் இக்கணக்கு இவ்வளவு கடுமையாக இல்லை. மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்கும் அடையாற்றுக்கும் இழை ஐந்தைந்து கிலோமீட்டர் செல்வதாகக் கொண்டால், இரு துகள்களும் சென்றடையும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபதைத் தாண்டுகிறது. நகரெல்லைக்குட்பட்ட வலைப்பின்னல்களில் ஆய்வாளர் முதலில் கவனம் செலுத்துவதற்கு இது ஒரு காரணம். ஒன்றிய அமைச்சரவை 2023 ஏப்ரல் 19 அன்று 6,003.65 கோடி ரூபாயில் ஏற்பிசைவளித்த தேசியக் குவாண்டம் இயக்கத்தில், குவாண்டம் தகவல்தொடர்புக்குரிய மையப் பொறுப்பு சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்துள்ளது. இயக்கத்தின் காலம் 2030–31 வரை. அதற்குள் இத்துறையின் பாடங்கள் தமிழ்வழிக் கல்விக்கும் வரும். பங்கு, பங்காளர், வழங்குநர், பிணைவு, படியெடுக்கவியலாமை ஆகிய சொற்களின் பொருளெல்லையை இயற்பியலாரோடு அமர்ந்து வரையறுக்கும் பணி தமிழ்த்துறைகளுக்கு உரியது.